மஞ்சள் வைத்த கேசட்

காமிராவின் ரப்பர் குழாய்க்குள் கண்ணை வைத்தேன். உள்ளே கொசு மொய்த்துக்கொண்டிருந்தது.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கொட்டுச் சத்தம் மட்டும் கணீரென்று கேட்டது. வேட்டு வெடித்தது. யாரோ ஒருவர், "வழி விடுங்கப்பா, மாமன் வாராரு" என்று கத்தினார். அந்த மாமனைத்தான் காணோம். ஆடு இல்லை, தாம்பாளம் இல்லை, மாலை இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். நடுமத்தியானம். கரண்ட் வழக்கம்போல் போயிருந்தது. பந்தலுக்குப் பின்னால் அண்டாவில் கறி வெந்துகொண்டிருந்தது. காலையில் மாமன் பிடித்துக்கொண்டு வந்த கிடாதான் அது. அதாவது, நான் படம் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்த கிடா.

கேசட்டைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கொசு. முன்னால் ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் கொசு. காமிராவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். பிள்ளைகளா, எந்த மெஷின் மக்கர் செய்தாலும் நம் ஊரில் முதல் வைத்தியம் அதுதான். அதற்கும் கேட்கவில்லை.

பக்கத்தில் லைட் கம்பத்தைப் பிடித்தபடி குபேந்திரன் நின்றான். என் கூட்டாளி. சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. என்னிடம் தமிழில் பேசுவான். என்னைத் திட்டுவதாக இருந்தால் மட்டும் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவான். எனக்குப் புரியாததால் எங்கள் தொழில் பல வருசம் சண்டையில்லாமல் நடந்தது. அன்றைக்கு அவன் வெகுநேரம் வீட்டுப் பாஷையிலேயே பேசினான்.

கண் பார்த்தது, நாடா பார்க்கவில்லை

இப்போது உங்கள் கையில் இருக்கிற போனில் படம் எடுத்தால் அடுத்த நொடியே பார்த்துவிடுகிறீர்கள். நல்லாயில்லை என்றால் அழித்துவிட்டு உதட்டைக் குவித்துக்கொண்டு மறுபடி எடுக்கிறீர்கள். நான் சொல்கிற காமிரா அப்படிப்பட்டதல்ல. நாடா ஓடுகிற காமிரா. தோளில் வைத்தால் அடம்பிடிக்கிற பிள்ளையைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். முகூர்த்த மாதம் முடியும்போது என் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்து போயிருக்கும். உங்கள் அம்மா என்னைப் பெண்பார்க்க... தப்பு, நான்தான் அவளைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு அவள் கேட்ட முதல் கேள்வியே, "அவுகளுக்கு என்ன, ஒரு பக்கமாச் சாஞ்சிருக்காக?" என்பதுதானாம்.

அந்தக் காமிராவுக்குள் பளபளவென்று ஒரு உருளை உண்டு. டம்ளர் அகலம் இருக்கும். அது கிறுகிறுவென்று சுற்றும். அதன் விளிம்பில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத துளியூண்டு ஒரு பொருள் இருக்கும். அதற்குப் பெயர் ஹெட். நாடாவில் படத்தை எழுதுவது அதுதான். பேனாவின் முனை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையில் அழுக்கு சேர்ந்தால் பேனா எழுதுமா? கை பாட்டுக்குப் போகும், காகிதம் வெள்ளையாகக் கிடக்கும். இங்கேயும் அதே கதைதான்.

இதில் பெரிய துரோகம் என்னவென்றால், எடுக்கும்போது ஒன்றுமே தெரியாது. குழாய்க்குள் படம் அழகாகத் தெரியும். அது நாடாவைத் தொடாமல் லென்ஸிலிருந்து நேரே வருகிற படம். நாடாவில் பதிந்ததா இல்லையா என்பதைத் திருப்பி ஓட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதற்குள் தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்து பாயசத்துக்குக் கை நீட்டியிருப்பார்.

சத்தத்தை எழுதுவது வேறொரு ஹெட். அது அசையாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதனால் படம் செத்தாலும் சத்தம் உயிரோடு இருக்கும். சத்தம் வந்து படம் வரவில்லை என்றால் வேறு எங்கேயும் தேட வேண்டியதில்லை. உருளையில் அழுக்கு.

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். தர்கா பக்கம் சின்னக் கடை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாலே, "யா அல்லா, மறுபடியும் நீயா" என்பார். ஒரு தடவை நானே கெட்டிக்காரத்தனமாக, காது குடைகிற பஞ்சுக்குச்சியால் அந்த ஹெட்டைத் துடைத்துவிட்டேன். பஞ்சு நார் மாட்டி, முனையே பெயர்ந்துவிட்டது. பாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இது காது இல்ல, குடையறதுக்கு" என்றார். அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிக்காட்டிச் சொன்னார். நானும் பாகம் வருகிறவரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக முடியவில்லை. காமிரா அவரிடம் இருந்தது.

ஏணியில் நின்ற மச்சான்

உசிலம்பட்டிக் கதைக்கு வருகிறேன்.

அந்த வீட்டு அம்மாவின் பெயர் பேச்சி. அன்றைக்கு அவருடைய மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் காது இரண்டாம்பட்சம். தாய்மாமன்தான் முக்கியம். மாமன் கொட்டுமேளத்தோடு, ஆடு, மாலை, பட்டுத்துணி, பழத்தட்டு எல்லாம் சீராகக் கொண்டுவர வேண்டும். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் வராத காதுகுத்தைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை இங்கே எழுத முடியாது. இது குடும்பப் பத்திரிகை.

பேச்சியின் அண்ணன் பெயர் தவசி. பல வருசமாகத் தங்கை வீட்டு வாசலை மிதிக்காதவர். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பேச்சி புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அண்ணன் வந்திருக்கிறார். பேச்சியின் புருஷன் முருகன் அப்போது ஏணியில் நின்று சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். வாயில் ஒயரைக் கடித்திருந்தார். மச்சானைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "வாங்க" என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? வாயில் ஒயர். தவசி வாசலில் ஒரு நிமிசம் நின்றார். கொண்டுவந்த பாத்திரத்தை அங்கேயே வைத்தார். திரும்பி நடந்தவர் நடந்தவர்தான்.

நல்லது கெட்டது எத்தனையோ வந்து போயின. முருகன் ஆளனுப்பினார், நேரிலும் போனார். "வாயத் தொறக்காதவன் வீட்டுல எனக்கென்ன வேலை" என்பது மட்டும்தான் பதில்.

முருகனுக்கு ஒரு அக்கா. திருப்பூரில் இருந்தார். பேச்சிக்கு நாத்தனார். அந்த அம்மா இந்த விசயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறந்த வீடு கைவிட்டவள் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். பத்திரிகை வைக்கப் போன பேச்சியிடம், "உங்கண்ணன் உன் வாசல மிதிக்கிறதப் படத்துல காட்டு, அப்பறம் நான் வாரேன்" என்றாராம்.

அதற்காகத்தான் அந்த வீட்டுக்கு வீடியோ. கறிச்சோற்றில் சிக்கனம் பிடித்து எங்களைக் கூப்பிட்டிருந்தார் பேச்சி. காலையில் நான் போய் இறங்கியதும் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு புதுக் கேசட்டை வைத்துக் கொடுத்தார். அவரே உசிலம்பட்டிக் கடையில் வாங்கியது. "வீடியோண்ணே, வேற எது போனாலும் பரவாயில்ல. எங்கண்ணன் வாசலுக்குள்ள வாரது மட்டும் விழுந்திரணும்" என்றார். படம் எடுக்கும்போது முன்னால் எரிகிற சிவப்பு விளக்கு எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தவசி வந்துவிட்டார். யார் எப்படிச் சமாதானம் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. மருமகள் முகத்துக்காக என்று பேசிக்கொண்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கொட்டு முழக்கத்தோடு தெரு முனையில் வந்து நின்றார்கள். சோதித்துப் பார்க்க நேரமில்லை. கேசட்டைச் செருகினேன், தோளில் தூக்கினேன், ஓடினேன்.

முருகன் அன்றைக்கு விடிந்ததிலிருந்து வாசலிலேயே நின்றார். வந்தவர் போனவர் எல்லாருக்கும் "வாங்க, வாங்க". சீர்க் கிடாவுக்கும் ஒரு "வாங்க" சொன்னதை நான் என் காதால் கேட்டேன். தவசி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பேச்சி ஆரத்தி எடுக்கும்போது அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். கண்ணீர் தட்டில் விழுந்தது. நான் நெருக்கத்தில் போய் எடுத்தேன். அருமையான காட்சி.

எல்லாம் கொசு.

ஆசாரியின் ஸ்பிரிட்

கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, மாட்டுத் தொழுவத்துப் பக்கம் நிழலில் காமிராவைப் பிரித்து வைத்தேன். ஹெட் துடைக்கிற மெல்லிய தோல் துண்டு மதுரையில் இருந்தது. ஸ்பிரிட் குப்பியும் அதோடு துணைக்கு இருந்தது.

குபேந்திரன் போய்க் காது குத்திய ஆசாரியைப் பிடித்தான். காதை அவர் ஸ்பிரிட் தொட்டுத்தான் துடைத்திருந்தார். கொஞ்சம் கொடுங்கள் என்றதும் குப்பியை இடுப்போடு அணைத்துக்கொண்டார். குடிக்கத்தான் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார். குபேந்திரன் அவரைக் கையோடு கூட்டிவந்து காமிராவின் வயிற்றைக் காட்டிய பிறகுதான் மூடியைத் திறந்தார். போகவும் மாட்டேன் என்று பக்கத்திலேயே குத்தவைத்துக்கொண்டார்.

தோலுக்குப் பதில் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்தேன். வழவழப்பான தாள். தாய்மாமன் என்ற இடத்தில், வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே, தவசியின் பெயரை எல்லாரையும்விடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அச்சில்லாத ஓரத்தைப் பட்டையாகக் கிழித்து ஸ்பிரிட்டில் நனைத்தேன்.

பிள்ளைகளா, இந்த வேலையில் ஒரே ஒரு நுணுக்கம்தான். துடைக்கிற பொருளை அசைக்கக் கூடாது. அதை உருளையின் மேல் பட்டும் படாமல் பிடித்துக்கொண்டு, உருளையைத்தான் மெதுவாகக் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் முடிந்தது கதை. நேரே கோரிப்பாளையம், ஸ்டூல்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். தாளை எடுத்துப் பார்த்தேன்.

மஞ்சள்.

சாதாரணமாக அழுக்கு என்றால் பழுப்பாகவோ கறுப்பாகவோ வரும். இது பளிச்சென்ற மஞ்சள். ஆசாரி எட்டி முகர்ந்து பார்த்தார். "மஞ்சத்தூளு" என்றார். குபேந்திரன் கேசட்டை எடுத்து அதன் மூடியைத் தூக்கினான். நாடாவின் ஓரத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் காய்ந்த மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. நாடா ஓட ஓட அது உதிர்ந்து, உருளையில் போய் அப்பிக்கொண்டிருக்கிறது.

பேச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை.

"ஆமா வீடியோண்ணே, நான்தான் வச்சேன். புதுசுல்ல? புதுத்துணி உடுத்துறதுக்கு முன்னால ஓரத்துல ஒரு பொட்டு மஞ்ச வைக்க மாட்டமா, அதே மாதிரி. மேல பிளாஸ்டிக்ல வச்சா நிக்கல, வழுக்குது. மூடியத் தொறந்தா உள்ள ரிப்பன் இருந்துச்சு. அதுல வச்சேன்."

நல்லபடியாக விழ வேண்டும் என்று வைத்த மஞ்சள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அண்ணன் உள்ளே வந்தது ஒன்றுகூட விழவில்லை என்றேன்.

அவர் அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அவுகளத் திரும்ப வரச் சொல்லிக் கேப்பமா?" என்றார்.

கயிறு கட்டிய பொம்மையா?

உருளை நன்றாகக் காய்ந்ததும் என் பையிலிருந்த வேறு கேசட்டைப் போட்டு ஆசாரியின் மூக்கை எடுத்துப் பார்த்தேன். மூக்கு தெளிவாக விழுந்தது. காது குத்தியதைச் சமாளித்துவிடலாம். பிள்ளையை மறுபடி மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரியைச் சும்மா கையை நீட்டச் சொன்னால் போதும். அவரைப் பார்த்தாலே பிள்ளை தானாக அழும். ஆனால் வாசல்?

தவசி பந்தலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நான் போய் விசயத்தைச் சொன்னேன். சீர்த்தட்டோடு தெரு முனை வரை போய், இன்னொரு தடவை வாசல் வழியாக வர முடியுமா என்று பணிவாகக் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏப்பா வீடியோ, நான் என்ன பொம்மையா, கயித்த இழுத்தா திரும்பத் திரும்ப வாரதுக்கு? ஒரு தடவ வந்ததே பெருசு. வச்ச சீர வாசலுக்கு வெளிய தூக்கிட்டுப் போனா அதுக்கு என்ன பேருன்னு தெரியுமா? உறவு அத்துப் போச்சுன்னு பேரு. நீயே அத்துவிட்டிருவ போல."

பந்தலில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சீர் உள்ளே வந்தால் வந்ததுதான், வெளியே போகக் கூடாது. முருகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த நேரத்தில் எதைச் சொன்னால் எது முறியுமோ என்று பயந்து, "வாங்க, சாப்புடலாம்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

பேச்சி தூணைப் பிடித்தபடி நின்றார். அண்ணனிடம் கெஞ்சினால் மறுபடி முறுக்கிக்கொள்வார். விட்டால் திருப்பூருக்குக் காட்ட ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"வீடியோண்ணே, படத்துல வாசல்னு எத வச்சுத் தெரியும்?"

வாசலில் கட்டிய இரண்டு வாழைமரத்தையும் மேலே இருக்கிற தோரணத்தையும் வைத்துத்தான் என்றேன்.

"அப்ப அதப் பிடுங்கி உள்ள நடுங்க. சீரு வீட்டுக்குள்ளயேதான இருக்கு. வாசல் கொஞ்சம் உள்ள வரட்டும்."

இதற்குச் சம்பிரதாயத்தில் இடம் உண்டா என்று பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே வந்த சீர் வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெளியே இருக்கிற வாசல் உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

தவசி மோவாயைத் தடவினார். "நடுங்கடா" என்றார்.

இரண்டாம் வருகை

வாசலுக்கு உள்பக்கம் இருந்த களத்தின் நடுவில் இரண்டு குழி தோண்டி வாழைமரம் நட்டோம். தோரணத்தைக் குபேந்திரன் லைட் கம்பத்தில் கட்டிவிட்டான். பின்னால் தெரிந்த அண்டாவை ஒரு வேட்டியால் மறைத்தோம்.

அடுத்தது ஆடு. வந்த ஆடு அண்டாவில் இருந்தது. பாதி ஊர் ஏற்கெனவே கையைக் கழுவியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வெள்ளாட்டை இரவல் வாங்கிவந்தார்கள். காலை ஆடு கறுப்பு, இது செவலை. பரவாயில்லை என்று மாலையைப் போட்டோம். அது உடனே திரும்பி மாலையைத் தின்னத் தொடங்கியது. கொட்டுக்காரர்கள் கறிச்சோறு தின்றுவிட்டுப் புளியமரத்தடியில் கிடந்தார்கள். அவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். தூக்கத்தில் முதலில் அடித்தது இழவுக்கொட்டு. தவசியே திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் சரியானது.

நான் எடுத்தேன். தவசி தட்டோடு வந்தார். கறுப்பாடாக மாற மாட்டேன் என்ற செவலை ஆடு அவரைப் பக்கவாட்டில் இழுத்தது. முருகன் ஊருக்கே கேட்கும்படி, "வாங்க மச்சான்" என்றார். பேச்சி ஆரத்தித் தட்டைத் தூக்கினார். காலையில் அழுத மாதிரி அழத்தான் பார்த்தார். ஆட்டின் வாயில் தொங்கிய சாமந்திப்பூவைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. சிரித்துவிட்டார். தட்டு ஆடியது. தவசி முகத்தை இறுக்கிப் பார்த்தார், மீசை துடித்தது, அவ்வளவுதான் தாங்கியது, அவரும் சிரித்துவிட்டார்.

திருப்பி ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் விழுந்திருந்தது. ஆட்டின் வாயில் பூ, மாமன் கையில் தட்டு, கண்ணாடி மாதிரித் தெளிவு. பேச்சி குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார். பிறகு ஊரே வரிசையில் நின்று பார்த்தது. ஆசாரி இரண்டு தடவை வந்தார். நான் பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் இன்னும் வரவில்லை.

கடைசியாகத் தவசி வந்து குனிந்தார். கண்ணை எடுக்கவே இல்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினேன்.

"என்னப்பா இது, துண்டு ஒரு பக்கமாத் தொங்குது. தட்டத் தூக்குனவன் மாதிரியா வாரேன்? சந்தைக்குப் போறவன் மாதிரி வாரேன். அந்த ஆடு வேற." துண்டை உதறித் தோளில் மடித்துப் போட்டார். "நில்லு. இன்னொரு தடவ வாரேன்."

யாரும் வாயைத் திறக்கும் முன் அவர் வாழைமரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் காமிராவைத் தூக்கிப் பித்தானை அழுத்தினேன். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு தடவை சிமிட்டியது. அணைந்துவிட்டது. பேட்டரி காலி. கைவசம் வேறு இல்லை.

இதைச் சொல்லலாம் என்று தலையைத் திருப்பினேன். பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு பேச்சி. அவர் கண் விளக்கின் மேல் இருந்தது.

"எடுக்கறாப்ல நில்லுங்க வீடியோண்ணே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எங்கண்ணன் வரட்டும்."

நின்றேன். குழாய்க்குள் இருட்டு. அதனால் தலையை நிமிர்த்தி வெறுங்கண்ணால் பார்த்தேன். தவசி துண்டைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வாழைமரங்களுக்கு நடுவே நடந்து வந்தார். ஆட்டை அங்கேயே விட்டுவிட்டார். தட்டையும் எடுக்க மறந்துவிட்டார். வெறுங்கையை வீசிக்கொண்டு தங்கை வீட்டுக்குள் வந்தார்.

"வாங்க மச்சான்" என்றார் முருகன்.

"எத்தன தடவடா கூப்புடுவ?" என்றார் தவசி.